தாமிரபரணி மாத நடை: அடிக்கடி கேக்குற கேள்விகள்

திருநெல்வேலி குறுக்குத்துறையில மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலம் கொஞ்சம் பேர் சேந்து ஆத்தங்கரையில நடக்கோம். ஆறு வருஷமா நடக்குது, கூட்டிட்டுப் போறது நான். புதுசா வாறவங்க கேக்குறது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிருதேன். அவங்கவங்க ஊர்ல இதே மாதிரி ஆரம்பிக்கணும்னு சிலர் கேட்டிருந்தாங்க, அவங்களுக்கும் சேத்துத்தான் இது.

இது வாக்கிங் குரூப்பா?

இல்லைங்க. வாக்கிங்னா வேகமா நடக்கணும், வேர்க்கணும், எத்தனை ஸ்டெப்புன்னு பாக்கணும். இங்க ரெண்டு மணி நேரத்துல நாங்க போறது ரொம்பக் கொஞ்ச தூரம். குறுக்குத்துறை முருகன் கோயில் கிட்ட ஆரம்பிச்சு ஆத்தோட போக்குலயே மீனாட்சிபுரம் பக்கமா நடந்து போயிட்டு அதே வழியில திரும்பி வருவோம், நடுவுல மூணு இடத்துல நிப்போம். போகும்போது பேச்சு கிடையாது. திரும்பும்போது பேசலாம். அவ்வளவுதான் அமைப்பு. சுகர், பிரஷருக்காக நடக்கணும்னா மத்த நாள்ல நடந்துக்கோங்க, இது மனசுக்கு.

மாசாமாசம் ஒரே இடமா? பாபநாசம், திருப்புடைமருதூர்னு வேற வேற இடம் போகலாமே?

இதை எல்லாரும் கேப்பாங்க. ஆரம்பத்துல நானும் அப்படித்தான் செஞ்சேன், முதல் மாசம் பாபநாசம், அடுத்த மாசம் கல்லிடைக்குறிச்சி, அப்புறம் சேரன்மகாதேவி. எல்லாரும் சந்தோஷமாத்தான் வந்தாங்க, ஆனா அது டூர் ஆயிட்டு. புது இடம்னா கண்ணு புதுசைத் தேடுது, கோயில் எந்தக் காலம், இந்தப் படித்துறை யாரு கட்டினதுன்னு கேள்வி வருது, போட்டோ எடுக்காங்க, முடிஞ்சதும் எங்க சாப்பிடலாம்னு பேச்சு போகுது. யாரும் ஆத்தைப் பாக்கல.

ஒரே இடத்துக்கு நாலாவது தடவை வரும்போதுதான் ஒண்ணு நடக்கும், பாக்குறதுக்குப் புதுசா ஒண்ணும் இல்லாததால எது மாறியிருக்குன்னு கண்ணு தானா தேட ஆரம்பிக்கும். போன மாசம் இந்தப் பாறை முங்கிக் கெடந்துச்சே, இந்த நாணல் இவ்வளவு உயரம் இல்லையே, துணி துவைக்கிற ஆச்சி இன்னைக்கு ஒரு படி கீழ இறங்கி உக்காந்திருக்காங்களே, இப்படி. அப்படிப் பாத்துக்கிட்டே வரும்போது, போன தடவை இதே எடத்துல நிக்கும்போது நமக்கு என்ன கவலை இருந்துச்சு, இப்ப அது எங்க போச்சுன்னு அவங்களே யோசிக்க ஆரம்பிச்சிருவாங்க, நான் சொல்லவே வேண்டாம். அதனால எங்க இருந்து யார் கேட்டாலும் நான் சொல்றது இது ஒண்ணுதான், இடத்தை மாத்தாதீங்க, மாசத்தை மட்டும் மாத்துங்க.

குறுக்குத்துறையை ஏன் எடுத்தீங்க?

மொதக் காரணம், பஸ்ஸுல வந்து இறங்கி நடந்தே வந்துரலாம், கார் இல்லாதவங்களும் வரணும்ல. ரெண்டாவது அந்தக் கோயில். ஆத்துக்குள்ள பாறை மேல இருக்கு, முன்பக்கம் படகு மூக்கு மாதிரி கூம்பா கட்டியிருக்காங்க, வெள்ளம் அதுல மோதி ரெண்டா பிரிஞ்சு போயிரும். தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சதும் உற்சவரையும் சாமான்களையும் கரை மேல இருக்கிற மேலக்கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க, வடிஞ்சப்புறம் கழுவி விட்டுட்டு திரும்பக் கொண்டு வருவாங்க. மூலவர் அங்கயே தண்ணிக்குள்ள இருப்பாரு. திருச்செந்தூர் முருகன் சிலையே இந்தப் பாறையில வடிச்சதுதான்னு ஊர்ல சொல்லுவாங்க. ஆத்தை எதிர்த்து நிக்காம, வரும்போது வழி விட்டுட்டு, போனப்புறம் கழுவிட்டு விளக்கேத்துறது தலைமுறை தலைமுறையா இங்க பழக்கம். நடைக்கு வாறவங்களுக்கு இதை விட பெரிய விஷயம் எதையும் என்னால சொல்லிக் கொடுக்க முடியாது, அதனால அங்க ஆரம்பிக்கோம்.

எந்த மாசம் எப்படி இருக்கும்? எப்ப சேந்தா நல்லது?

எப்ப வேணும்னாலும் சேரலாம், ஆனா ஒரு வருஷம் முழுசா வாங்க. தாமிரபரணிக்கு ரெண்டு மழையும் உண்டு, தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பொதிகை மலையில பெய்யுறதாலதான் இது வத்தாத ஆறு. மொத்த நீளமே சுமார் 128 கிலோமீட்டர்தான், பொதிகையில பொறந்து புன்னைக்காயல்ல கடல்ல சேந்துருது, நம்ம ஜில்லாவுக்குள்ளயும் பக்கத்து ஜில்லாவுக்குள்ளயுமே அதோட வாழ்க்கை முடிஞ்சிருது.

ஆனி, ஆடியில மலைப்பக்கம் சாரல். இங்க மழை அவ்வளவா இருக்காது, காத்துதான், தென்மேல் காத்து நாள் பூரா வீசும், ஆத்து மேல சின்னச் சின்னச் சுருக்கமா ஓடிக்கிட்டே இருக்கும். கார் சாகுபடிக்கு, அதான் முதல் போக நெல்லுக்கு, ஜூன் 1 வாக்குல பாபநாசம் அணையைத் திறக்கிறது வழக்கம், அணையில தண்ணி இருந்தா திறப்பாங்க, இல்லன்னா தள்ளிப் போகும். இந்த மாசங்கள்ல வாறவங்ககிட்ட நான் ஒண்ணு மட்டும் சொல்லுவேன். ஆத்துல மொத்தம் 8 பழைய அணைக்கட்டு இருக்கு, கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு ஸ்ரீவைகுண்டம் வரைக்கும், அதுல 6 நமக்கு மேல இருக்கு. அப்போ நம்ம கால் கிட்ட ஓடுற தண்ணி ஆறு இடத்துல வாய்க்காலுக்குக் கொடுத்துட்டு மிச்சமா வர்ற தண்ணி. இதைச் சொல்லிட்டு விட்டுருவேன், விளக்கம் சொல்ல மாட்டேன். ஒரு தடவை ரிட்டயர் ஆன அண்ணாச்சி ஒருத்தர் திரும்பி வரும்போது என் பக்கத்துல வந்து, "எனக்கும் அஞ்சு பிள்ளைங்க, எல்லாருக்கும் கொடுத்தாச்சு, மிச்சம் இருக்கிறது எனக்குன்னு நெனச்சேன், கீழ இன்னும் ரெண்டு இருக்குல்லா"ன்னாரு. அவருக்குப் பேரப்பிள்ளைங்க ரெண்டு பேரு.

ஆடி அமாவாசைக்கு நாங்க நடை வைக்கிறதில்ல, படித்துறை பூரா தர்ப்பணம் கொடுக்கிறவங்க இருப்பாங்க, அவங்க துக்கத்துக்கு நடுவுல நாம வேடிக்கை பாக்குற மாதிரி போகக் கூடாது. அடுத்த ஞாயித்துக்கிழமை போவோம்.

புரட்டாசி ஒரு மாதிரி. வெயில் திரும்பக் கொளுத்தும், தண்ணி குறைஞ்சிரும், கார் அறுப்பு முடிஞ்சிருக்கும். ஆளு வரத்தும் குறையும். எனக்கு அந்த மாசம் பிடிக்கும், எதுவும் நடக்காத மாதிரி இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகைன்னா வடகிழக்கு மழை, பிசான சாகுபடி, அதான் ரெண்டாம் போக நெல்லு. இப்ப எல்லாரும் காலையில எந்திரிச்சதும் பாக்குறது அணை நிலவரம்தான், பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, இதுல இன்னைக்கு எவ்வளவுன்னு டீக்கடையில கூட பேச்சு அதுதான். தண்ணி செம்மண் கலர்ல வரும், சத்தம் மாறிரும். கோடையில பாறை மேல தண்ணி விழுற சத்தம் தனித்தனியா கேக்கும், இப்ப எல்லாம் சேந்து ஒரே இரைச்சல். இந்த ரெண்டு மாசமும் படியில இறங்க விட மாட்டேன், மேல ரோட்டுல நின்னு பாத்துட்டு வந்துருவோம். சில மாசம் நடையே கிடையாது.

மார்கழியில பனி. கோயில் ஸ்பீக்கர்ல பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும், ஆத்து மேல ஆவி மாதிரி கெளம்பி நிக்கும், எதிர்க்கரை தெரியாது. புதுசா வாறவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச மாசம் இதுதான்.

தை மாசம் தண்ணி தெளிஞ்சு அளவா ஓடும். பறவைங்க நிறைய. கொக்கு, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், மீன்கொத்தி. 2011-ல இருந்து வருஷாவருஷம் ஜனவரி வாக்குல தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கு, குளம் குளமா தன்னார்வலர்கள் போய் எண்ணுவாங்க, விருப்பம் இருக்கிறவங்க அதுலயும் சேந்துக்கோங்க, கூர்ந்து பாக்குறதுக்கு அதை விட நல்ல பழக்கம் கிடையாது. தைப்பூசத்துக்கு நெல்லையப்பரும் காந்திமதி அம்மனும் ஆத்தங்கரை மண்டபத்துக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவாங்க.

மாசி, பங்குனியில பிசான அறுப்பு, வைக்கோல் வாசம், தண்ணி இறங்க ஆரம்பிக்கும். சித்திரை, வைகாசியில ஆத்தோட எலும்பெல்லாம் தெரியும், பாறை, பள்ளம், போன வெள்ளத்துல வந்து சிக்குன மரக்கட்டை, பிளாஸ்டிக், யாரோ விட்டுட்டுப் போன வேட்டி. சாக்கடை கலக்குற எடம் எதுன்னு இப்பத்தான் மூக்குக்குத் தெரியும், மழைக்காலத்துல தண்ணி அதை மறைச்சிரும். அழகா இருக்காது. ஆனா ரொம்ப நாளா வாறவங்க யாரும் இந்த மாசத்தைத் தவற விட மாட்டாங்க, எல்லாம் வெளிய தெரியுற மாசம் இதுதான்னு அவங்களே சொல்லுவாங்க.

பேசவே கூடாதா? ஒரு மணி நேரமா?

போகும்போது மட்டும்தான். வழியில தெரிஞ்சவங்க யாராவது "என்ன, சௌக்கியமா"ன்னு கேட்டா பதில் சொல்லாம போகாதீங்க, அது மரியாதை இல்ல. சொல்லிட்டு வாங்க. நம்ம குரூப்புக்குள்ள பேச்சு வேண்டாம், செல்போனை சைலண்ட்ல போட்டு பைக்குள்ள வச்சிருங்க. முதல் பத்து நிமிஷம் கஷ்டமா இருக்கும், சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குப் படபடப்பா இருக்கும். அப்புறம் சரியாயிரும். போட்டோவும் போகும்போது வேண்டாம், திரும்பும்போது எடுத்துக்கோங்க. குளிக்கிறவங்களை எப்பவுமே எடுக்கக் கூடாது, இதுல நான் ரொம்பக் கண்டிப்பு.

நிக்குற இடத்துல என்ன செய்வீங்க? தியானமா?

தியானம்னு நான் சொல்றதில்ல, எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. மூணு இடத்துல மூணு வேலை.

முதல் இடம் படித்துறை. அங்க தண்ணிக்கு மேல எத்தனை படி தெரியுதுன்னு எண்ணி ஒரு நோட்டுல எழுதுவோம். சித்திரையில 11 படி தெரியும், ஐப்பசி கடைசியில 3, சில மாசம் 'படி இல்லை'ன்னு எழுதியிருக்கோம். எழுதுறது யாராவது ஒரு புது ஆளு, ஒவ்வொரு மாசமும் வேற கையெழுத்து. அந்த நோட்டைப் புரட்டுனா தேதி, மாசம், படி எண்ணிக்கை, அதுக்குப் பக்கத்துல எழுதினவங்க தோணுன ஒரு வரி. ஒருத்தங்க 'அப்பா இறந்து 40 நாள்'னு மட்டும் எழுதியிருக்காங்க. அடுத்த வருஷம் அதே மாசம் அவங்களே திரும்ப எழுதினாங்க, 'போன வருஷத்தை விட ரெண்டு படி கூடத் தெரியுது'ன்னு.

ரெண்டாவது இடத்துல தண்ணி பத்திரமா இருந்தா கடைசிப் படியில உக்காந்து காலைத் தண்ணிக்குள்ள விடுவோம். சின்ன மீனுங்க வந்து குதிகால், விரல் இடுக்கெல்லாம் கொத்தும். முதல்ல கூச்சத்துல எல்லாரும் காலை வெடுக்குன்னு இழுப்பாங்க, மீன் ஓடிரும். திரும்ப விட்டுட்டு அசையாம இருந்தா ஒண்ணு வரும், அப்புறம் நாலு வரும், அப்புறம் கால் தெரியாத அளவுக்கு மொய்க்கும். அசையாம இருங்கன்னு நான் பத்து தடவை சொன்னாலும் நடக்காது, மீன் வரணும்னா தானா இருந்துருவாங்க. அதுவரைக்கும் மூச்சுக் கூட மெதுவா விடுவாங்க.

மூணாவது இடம் ரயில் பாலத்தைப் பாத்த மாதிரி ஒரு மரத்தடி. அங்க ஒரே ஒரு கேள்வி கேப்பேன், பதில் சொல்லத் தேவையில்ல. அந்த மாசத்துக்குத் தகுந்த மாதிரி இருக்கும், 'எது வடியணும்னு காத்துக்கிட்டு இருக்கீங்க' மாதிரி, 'யார் வீட்டு வாய்க்காலுக்கு உங்க தண்ணி போகுது' மாதிரி. கேள்வியை முந்தின நாளே யோசிச்சு வச்சுட்டுப் போனா சரியா வர்றதில்ல, முதல் ரெண்டு இடத்துலயும் ஆத்தைப் பாத்துட்டு அதுல இருந்து எடுத்தாத்தான் ஒட்டும்.

வழி நடத்துறவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?

ஆத்தைப் பத்தி நிறைய, பேசுறதைப் பத்திக் கொஞ்சம். நான் பண்ணின பெரிய தப்பு இங்கதான். முதல் வருஷம் வழி பூரா பேசிக்கிட்டே வருவேன், இந்த ஆத்துக்குப் பொருநைன்னு பழைய பேரு, ஆதிச்சநல்லூர் இதே ஆத்தங்கரைதான், அந்தா தெரியுது பாருங்க சுலோச்சன முதலியார் பாலம், 1843-ல தன் சொந்தக் காசுல கட்டிக் கொடுத்தாரு, 11 கண்ணு அப்படின்னு. எல்லாம் உண்மைதான், எல்லாம் பெருமைதான். ஆனா ஒரு நாள் காலேஜ் படிக்கிற பிள்ளை ஒண்ணு மெதுவா, "அக்கா, கொஞ்ச நேரம் தண்ணிச் சத்தம் கேக்கலாமா"ன்னு கேட்டுச்சு. அன்னைல இருந்து போகும்போது பேசுறதை விட்டுட்டேன். இப்ப அந்தக் கதை எல்லாம் திரும்பும்போது, யாராவது கேட்டா மட்டும்.

தெரிஞ்சிருக்க வேண்டிய மத்த விஷயம்: எந்தப் படி பாசி பிடிச்சது, எங்க பள்ளம், எந்த இடத்துல சுழி, அன்னைக்கு அணையில எவ்வளவு திறந்திருக்காங்க. முந்தின நாள் சாயங்காலம் நான் தனியா ஒரு தடவை முழுசா நடந்து பாத்துருவேன், ஆறு வருஷத்துல ஒரு மாசம் கூட அதை விட்டதில்ல. மணல் அள்ளின இடத்துல மேல பாக்க இடுப்பளவுன்னு தெரியும், ஒரு எட்டு வச்சா ஆள் முங்கிரும். 2010-ல தோழர் நல்லகண்ணு கோர்ட்டுக்குப் போய் இந்த ஆத்துல மணல் அள்ளத் தடை வாங்கினாரு, ஆனா முன்னாடி விழுந்த பள்ளம் பள்ளம்தானே.

குளிக்கலாமா?

நடை முடிஞ்சப்புறம், ஊர்க்காரங்க குளிக்கிற படித்துறையில, அவங்க குளிக்கிற அளவுக்கு மட்டும். நீச்சல் தெரியும்னு தள்ளிப் போகாதீங்க. சோப்பு, ஷாம்பு வேண்டாம். கட்டியிருந்த துணியை ஆத்துல விடுறதும் வேண்டாம், பாபநாசத்துல அப்படி விட்ட துணியெல்லாம் மலை மாதிரி அள்ளுறதை நேர்ல பாத்திருக்கேன்.

2023 வெள்ளத்துக்கு அப்புறம் எப்படித் திரும்ப ஆரம்பிச்சீங்க?

இதைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும். அந்த டிசம்பர் 17, 18-ல பெஞ்ச மழை யாரும் பாக்காதது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள வெள்ளம், குறுக்குத்துறை கோயில் முங்கிருச்சு. நம்ம நடைக்கு வாறவங்கள்ல மூணு பேரு வீட்டுக்குள்ள தண்ணி, ஒருத்தங்க ராத்திரி பூரா மாடியில பிள்ளையோட நின்னிருக்காங்க.

அடுத்த மாசம் நடை வைக்கவா வேண்டாமான்னு தெரியல. ஆத்தைப் பாத்தாலே பயமா இருக்குன்னு சிலர் சொன்னாங்க, அது நியாயம். வரணும்னு யாரையும் கூப்பிடல, நான் அங்க இருப்பேன்னு மட்டும் வாட்ஸ்அப்ல போட்டேன். ஏழு பேரு வந்தாங்க. நடக்கல. கோயில் வெளி மண்டபத்துல தூண்ல வண்டல் கோடு ஒண்ணு இருந்துச்சு, நம்ம தலைக்கு மேல, காஞ்சு வெடிச்சுப் போயிருந்துச்சு. மாடியில நின்ன அந்தப் பொண்ணு கையைத் தூக்கி எட்டிப் பாத்தாங்க, எட்டல. கைக்கு எட்டுன இடத்துல இருந்த மண்ணை விரலால தேச்சாங்க, அது மாவு மாதிரி உதுந்துச்சு, உள்ள கல்லு அப்படியே பழைய கல்லாத்தான் இருந்துச்சு. ரொம்ப நேரம் தேச்சுக்கிட்டே நின்னாங்க. நாங்க பக்கத்துல நின்னோம். அன்னைக்கு நோட்டுல 'படி எல்லாம் சேறு, எண்ண முடியல'ன்னு எழுதிட்டு வந்துட்டோம். மாசி மாசத்துல இருந்து பழையபடி நடக்கோம். அவங்களும் வாறாங்க, இன்னும் காலைத் தண்ணியில விடுறதில்ல, மேல் படியில உக்காந்துக்குவாங்க.

துக்கத்துல இருக்கேன், டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுறேன். வரலாமா?

கண்டிப்பா வாங்க. ஆனா ஒண்ணு, மாத்திரையை நிறுத்திட்டு இதுக்கு வராதீங்க, டாக்டரைப் பாக்குறதையும் நிறுத்தாதீங்க. இது வைத்தியம் இல்ல, துணை. முன்கூட்டியே எனக்கு ஒரு மெசேஜ் போட்டீங்கன்னா நடக்கும்போது பக்கத்துல இருப்பேன், எல்லார் முன்னாடியும் எதையும் கேக்க மாட்டேன். அழுகை வந்தா அழலாம். மத்தவங்களுக்கு நான் சொல்லி வச்சிருக்கிறது, யாராவது அழுதா உடனே போய்த் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லாதீங்க, நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்குங்க.

நாங்க வேற மதம். கோயில்ல ஆரம்பிக்கிறீங்களே?

கோயில் வாசல்ல கூடுறோம், அவ்வளவுதான். உள்ள போறவங்க முன்னாடியே போய்க் கும்பிட்டுட்டு வந்துருவாங்க. பாளையங்கோட்டை, மேலப்பாளையத்துல இருந்து கிறிஸ்தவங்க, முஸ்லிம்கள் எல்லாரும் வாறாங்க, அவங்க வீட்டுக் குழாய்லயும் இந்தத் தண்ணிதானே வருது.

எத்தனை பேரு வரலாம்?

12 பேருக்கு மேல சேத்துக்கிறதில்ல. ஒரு தடவை 30 பேரு ஆயிட்டு, பின்னாடி வாறவங்களுக்கு முன்னாடி போறவங்க முதுகுதான் தெரிஞ்சது. பேரு நிறைய வந்தா ரெண்டு ஞாயித்துக்கிழமையா பிரிச்சுருவோம். காசு கிடையாது. பிள்ளைங்க பத்து வயசுக்கு மேல, கூட அம்மாவோ அப்பாவோ இருக்கணும்.

என்ன கொண்டு வரணும்?

வழுக்காத செருப்பு, தண்ணி பாட்டில், தொப்பி இல்லன்னா துண்டு. கிழக்கே பாத்துப் போறதால சூரியன் முகத்துக்கு நேரா வரும். வெறுங்கால் வேண்டாம், கண்ணாடிச் சில்லு கெடக்கு.

நடக்கும்போது குப்பை பொறுக்குவீங்களா?

நடை அன்னைக்கு இல்ல. நிறைய பேருக்கு இதுல வருத்தம், கண்ணு முன்னாடி பிளாஸ்டிக் கெடக்கும்போது சும்மா பாத்துட்டுப் போறதான்னு. கையில ஒரு சாக்கு வந்துட்டா மனசு குப்பையை மட்டும்தான் பாக்கும், ஆறு மறைஞ்சு போயிரும். அதனால குப்பைக்கும் தண்ணியில படருற அமலைச்செடிக்கும் (ஆகாயத்தாமரை) தனியா ஒரு நாள் வச்சிருக்கோம், நடைக்கு வாறவங்கதான் அதுக்கும் அதிகமா வாறாங்க.

எங்க ஊர் ஆத்துல வருஷத்துல பத்து மாசம் தண்ணியே இல்ல. அங்க இதைச் செய்ய முடியுமா?

முடியும், செய்யுங்க. வைகைக் கரையில இருந்து ஒரு தம்பி இதே கேள்வி கேட்டாரு, இப்ப அவரு மாசாமாசம் மணல்ல நடத்துறாரு. படிக்குப் பதிலா அவங்க நோட்டுல எழுதுறது மணலை எவ்வளவு தோண்டினா ஈரம் வருதுன்னு. ஒரு கை நுழையுற குழி, முழங்கை வரைக்கும், அதுக்கு மேல தோண்டுறதில்ல. ஈரம் வந்தா அளவு எழுதுவாங்க, வரலன்னா 'ஈரம் இல்லை'ன்னு எழுதிட்டு குழியை மூடிட்டு வருவாங்க. தண்ணி வந்த அன்னைக்கு எனக்குப் போன் பண்ணினாரு, பேச்சே கேக்கல, போனைத் தண்ணி கிட்ட பிடிச்சிருந்தாரு.

மழை தூறினா நடை உண்டா?

தூறல்னா உண்டு. அணையில தண்ணி கூடத் திறந்திருந்தா வெயில் அடிச்சாலும் கிடையாது. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள்ள குரூப்ல போட்டுருவேன். எதுவும் போடலைன்னா காலையில அஞ்சே முக்காலுக்கு கோயில் வாசலுக்கு வந்துருங்க, நோட்டு எழுத ஒரு பேனாவும் கொண்டு வாங்க, என் பேனா போன மாசம் ஆத்துல விழுந்துட்டு.